கான்கிரீட் தடுக்கும், துளை தடுக்காது

"நம்ம வீடெல்லாம் செங்கல், சிமெண்ட், கம்பி. இதுல எங்கேர்ந்து தீப்பிடிக்கப் போகுது?" வீட்டுக்குள் ஓடும் குழாய்களுக்கும் அவை நுழையும் துளைகளுக்கும் தீத்தடுப்பு வேண்டும் என்று பேச்செடுத்தால் கட்டுநர், மேஸ்திரி, குடியிருப்போர் சங்கத் தலைவர், சிம்னி மாட்ட வருபவர் என எல்லோரும் சொல்லும் பதில் இதுதான். கூடவே துணைக்குச் சில வாதங்களும் வரும். அந்த விதிகளெல்லாம் மரத்தில் வீடு கட்டும் அமெரிக்காவுக்கு. இங்கே இருந்தாலும் இருபது மாடிக் கட்டடத்துக்கு; தரைத்தளமும் மூன்று மாடியும் உள்ள ஃபிளாட்டுக்கு எதற்கு? இத்தனை வருஷத்தில் சிம்னி பைப்பால் எரிந்த வீடு ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்!

இப்படிச் சொல்பவர்கள் அறியாதவர்கள் அல்லர். இந்த எண்ணத்துக்கு இந்த மண்ணில் ஒரு வரலாறு இருக்கிறது. தமிழ்நாட்டில் தீ என்றாலே தலைமுறை தலைமுறையாகக் கூரைதான் நினைவுக்கு வந்தது. கோடையில் ஒரு குடிசையில் பிடித்த நெருப்பு காற்றோடு தெருவையே தின்றதைக் கண்ட ஊர்கள் ஏராளம். 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறையில் கிளம்பிய தீ கீற்றுக் கூரையில் ஏறி 94 குழந்தைகளைக் கொன்றது. அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்று அரசு முனைந்தது. குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றும் திட்டங்கள் வந்தன. கூரை வீட்டிலிருந்து காரை வீட்டுக்குப் போனவர்களுக்குத் தீயைப் பற்றிய பயம் விட்டுப்போனதில் வியப்பில்லை. கூரையைப் பொறுத்தவரை அது நியாயமான நிம்மதியும்கூட.

ஆனால் கூரை எரியாது என்பது ஒன்று, வீட்டில் இருப்பவர்கள் பிழைப்பார்கள் என்பது வேறொன்று. கான்கிரீட் வாதம் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

இன்றைய ஃபிளாட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பஞ்சு மெத்தை என்று நாம் இன்னமும் சொல்வது பெரும்பாலும் ஃபோம். சோபாவும் ஃபோம். மாடுலர் கிச்சனும் அலமாரியும் பிளைவுட், பிசின், மைக்கா. திரைச்சீலை பாலியஸ்டர். குளியலறைக் கதவு, பால்ஸ் சீலிங், மின்கம்பியின் உறை எல்லாவற்றிலும் பிளாஸ்டிக். சுவர் எரிய வேண்டிய அவசியமே இல்லை. சுவருக்குள் நாம் அடைத்திருப்பதே போதும். இவை எரியும்போது வரும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். ஃபோம் எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடும் சேரும். தீ விபத்துகளில் கருகிச் சாவதைவிட மூச்சுமுட்டிச் சாவதே அதிகம் என்பது தீயணைப்புத் துறையில் பாலபாடம்.

லண்டனின் கிரென்ஃபெல் டவர் 24 மாடிக் கான்கிரீட் கட்டடம். 2017 ஜூன் 14 அதிகாலை நான்காவது மாடிச் சமையலறையில் ஒரு குளிர்பதனப் பெட்டியிலிருந்து கிளம்பிய தீ 72 உயிர்களைக் கொண்டுபோனது. எரிந்து முடிந்த பிறகும் கட்டடம் நின்றது. கான்கிரீட் தன் வேலையைச் சரியாகச் செய்தது, மனிதர்கள்தான் மிஞ்சவில்லை. முதற்குற்றவாளி வெளிச்சுவரில் போர்த்தியிருந்த எரியும் பலகைகள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தீயைப் பற்றி நடந்த விசாரணையின் முதல்கட்ட அறிக்கை இன்னொன்றையும் பதிவு செய்திருக்கிறது. வெளியே ஏறிய தீ மேல்மாடி வீடுகளுக்குள் திரும்ப நுழைந்த வழிகளில் ஒன்று, சமையலறைப் புகைவிசிறி பொருத்தியிருந்த இடம். வெப்பத்தில் அது நெளிந்து, கழன்று, தீக்கு வாசலாயிற்று.

நம் நாட்டுக்கே வருவோம். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உபஹார் திரையரங்கின் தரைத்தளத்தில் மின்மாற்றி எரிந்தது. படம் பார்த்துக்கொண்டிருந்தவர்களை நெருப்பு தொடவில்லை. படிக்கட்டு வழியாகவும் குளிர்சாதனக் குழாய்கள் வழியாகவும் வந்த புகை தொட்டது. 59 பேர் இறந்தார்கள். 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவின் ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையில் தீ பிடித்தது நிலவறையில். ஏறத்தாழ 90 பேர் மூச்சுமுட்டி இறந்தது மேல்தளங்களில். வெளிநாட்டிலும் இதே கதைதான். 1980இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் எம்.ஜி.எம். கிராண்ட் விடுதியில் 85 பேர் இறந்தார்கள். நெருப்பு கீழே இருந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் நெருப்பு எட்டிக்கூடப் பார்க்காத மேல்மாடிகளில் இருந்தார்கள். மூன்றும் கான்கிரீட்டும் இரும்புமாகக் கட்டியவைதாம். மூன்றிலும் புகை சுவரைத் துளைத்துக்கொண்டு போகவில்லை. மனிதர்கள் ஏற்கெனவே போட்டுவைத்திருந்த வழிகளில் போனது.

"அதெல்லாம் தியேட்டர், ஆஸ்பத்திரி, ஹோட்டல், வீடு இல்லையே" என்பார்கள். சூடான காற்று மேலே போகும் என்ற விதி கட்டடத்தின் உபயோகத்தைக் கேட்டுக்கொண்டு வேலை செய்வதில்லை. கீழே திறப்பும் மேலே திறப்பும் உள்ள செங்குத்துக் குழாய் ஒன்று இருந்தால், அதன் அடியில் சூடு பிறந்தால், அது இழுக்கும். உயரம் கூடக்கூட இழுப்பும் கூடும். நான்கு மாடியிலும் இழுக்கும், நாற்பது மாடியிலும் இழுக்கும்.

உண்மையில் கான்கிரீட் வாதம் என் பக்கத்து வாதம். நல்ல கான்கிரீட் தளமும் செங்கல் சுவரும் இரண்டு மணி நேரம்வரை தீயைப் பிடித்து நிறுத்தக்கூடியவை. கூடுதல் செலவில்லாமல் நமக்குக் கிடைக்கும் காப்பு இது. மரவீட்டுக்காரர்கள் ஜிப்சம் பலகையை அடுக்கடுக்காக அடித்து வாங்கும் காப்பு. அதை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம்? தளத்தில் நான்கு அங்குலக் குழாய்க்கு எட்டு அங்குல ஓட்டை போட்டு, குழாயை இறக்கி, இடைவெளியை அப்படியே விடுகிறோம். வாசலுக்கு இரும்புக் கதவு போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்துபோட்டுத் தூங்குவது இதுதான். ஒரு சுவர் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை இனி சிமெண்ட் தீர்மானிப்பதில்லை, அதிலுள்ள துளை தீர்மானிக்கிறது.

நம் அடுக்ககங்களில் துளைகளுக்கா பஞ்சம்? கழிவுநீர்க் குழாய்கள் இறங்கும் டக்ட், மின்வாரிய மீட்டர் பெட்டியிலிருந்து மாடிதோறும் கேபிள் ஏறும் டக்ட், ஏ.சி.யின் செம்புக் குழாய்க்கு ஒன்று, கேபிள் டி.வி.க்கு ஒன்று, இணைய இணைப்புக்கு வந்த பையன் டிரில்லால் போட்டுவிட்டுப் போனது ஒன்று. மீட்டர் பெட்டி இருப்பது பெரும்பாலும் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில். அதன் பக்கத்தில் பெட்ரோல் நிரம்பிய ஸ்கூட்டர்கள். இப்போது அங்கேயே மின் ஸ்கூட்டருக்கும் சார்ஜ். அங்கிருந்து கேபிள் ஏறும் டக்டின் கதவு பிளைவுட். திறந்து பார்த்தால் துடைப்பம், பழைய பேப்பர், பெயிண்ட் டப்பா. இத்தனைக்கும் பக்கத்திலேயே, எல்லா வீட்டுக்கும் பொதுவாக, ஒரே ஒரு மாடிப்படி.

இதற்கெல்லாம் விதி இல்லையா? இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, நான்காம் பகுதி. கேபிளும் குழாயும் போகும் ஷாஃப்டின் சுவர் 120 நிமிடம் தீ தாங்க வேண்டும். மின் ஷாஃப்டின் கதவும் 120 நிமிடம், மற்றவற்றின் கதவு 60 நிமிடம் தாங்க வேண்டும். குழாய்க்கும் தளத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியை அதே 120 நிமிடம் தாங்கும் பொருளால் அடைக்க வேண்டும் என்கிறது. வெளிநாட்டான் எழுதியதல்ல; இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்டது. செங்கல்லும் சிமெண்டும் உள்ள நாட்டுக்காக எழுதியது.

"அது வெறும் பரிந்துரைதானே, உயர்மாடிக்குத்தானே" என்பது அடுத்த தப்பித்தல். விதித்தொகுப்பு தானாகச் சட்டமாகிவிடாது, மாநில விதிகள் எடுத்துக்கொண்ட அளவுக்கே கட்டுப்படுத்தும் என்பது சரி. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளில் 18.30 மீட்டருக்கு மேல் போனால்தான் உயர்மாடிக் கட்டடம் என்பதும் சரி. ஆனால் இந்த உயரக் கோடு எதற்குப் போட்டது? அதற்கு மேலே ஏணி வைத்து ஆளை இறக்குவது கடினம், தண்ணீரை ஏற்றுவது கடினம் என்பதற்காக. அதற்குக் கீழே புகை ஏறாது என்பதற்காக அல்ல. சொல்லப்போனால், சின்ன ஃபிளாட்டின் நிலை இன்னும் மோசம். உயர்மாடியில் தண்ணீர்த் தொட்டி, பம்பு, எச்சரிக்கை மணி, இரண்டு மாடிப்படி என்று ஏதோ ஒன்றாவது காகிதத்திலாவது இருக்கும். மூன்று மாடிக் கட்டடத்தில் துளையை அடைப்பது ஒன்றுதான் இருக்கக்கூடிய தற்காப்பு. அதையும் வேண்டாம் என்றால் மிச்சம் என்ன?

இப்போது சமையலறைக்கு வருவோம். இங்கேதான் கான்கிரீட் வாதம் அறவே செல்லாது. மற்றத் துளைகள் தீ வந்தால் வழிவிடுபவை. சிம்னிக் குழாயோ எரிபொருளைத் தானே சேர்த்து வைத்துக்கொள்வது.

நம் சமையல் எண்ணெய்ச் சமையல். தாளிப்பு இல்லாத நாள் இல்லை. வடை, பஜ்ஜி, அப்பளம் என்று வாணலி காயாத வாரம் இல்லை. ஆவியோடு ஏறும் எண்ணெய்த் துளிகளில் ஒரு பகுதியை வடிகட்டி பிடிக்கும். மீதி குழாய்க்குள் போய், குளிர்ந்து, உட்புறத்தில் பிசுக்காகப் படியும். அந்தப் பிசுக்கு வேறொன்றுமல்ல, எண்ணெய்தான். அடுப்பில் மறந்துவிட்ட எண்ணெய் 350 டிகிரி செல்சியஸை ஒட்டித் தானாகவே பற்றிக்கொள்ளும். பற்றியதும் என்ன நடக்கும்? மேலே சுழலும் மின்விசிறி தீநாக்கை இழுத்து வடிகட்டிக்குள் கொடுக்கும், வடிகட்டியிலிருந்து குழாய்க்கு.

அந்தக் குழாய் எது? பெரும்பாலான வீடுகளில் மடிப்பு மடிப்பாக நீளும் அலுமினியத் தகட்டுக் குழாய். ஒவ்வொரு மடிப்பும் எண்ணெய் தேங்குவதற்கு ஒரு வாய்க்கால். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். எண்ணெய்த் தீயின் சூடு அதைத் தாண்டிவிடும். காகிதம்போல் மெலிந்த தகடு அதற்கு முன்பே கிழிந்து வழிவிடும். கிழிவதும் எங்கே? பால்ஸ் சீலிங்குக்கு மேலே, அல்லது பரணில் பழைய துணி மூட்டைக்கும் அட்டைப்பெட்டிக்கும் நடுவே. அங்கே தீ பிடித்திருப்பது கண்ணுக்குத் தெரிவதற்குள் கூடத்துக்கு வந்துவிட்டிருக்கும்.

இன்னும் பல வீடுகளில் அலுமினியம்கூடக் கிடையாது. ஆறு அங்குல வாயை நான்கு அங்குலமாகச் சுருக்கி பி.வி.சி. பைப்பில் செருகி விடுகிறார்கள். "பி.வி.சி. தானா எரியாது சார், நெருப்ப எடுத்தா அணஞ்சிரும்" என்று பிளம்பர் சொல்வார். உண்மைதான். கேள்வி எரியுமா என்பதல்ல, நிற்குமா என்பது. எண்பது டிகிரிக்கெல்லாம் அது இளகிவிடும். வளைந்து, கழன்று, விழும். விழுந்த இடத்தில் இருப்பது திறந்த ஓட்டை. இன்னும் சூடேறினால் அது கக்குவது ஹைட்ரஜன் குளோரைடு. ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். நுரையீரல் ஈரமான இடம். மரவீட்டு அமெரிக்காவின் வீட்டுக் கட்டுமான விதிகள் அடுப்புக்கு மேலுள்ள புகைக்குழாய் பொதுவாகத் துத்தநாகம் பூசிய இரும்பு, துருப்பிடிக்காத எஃகு, செம்பு ஆகியவற்றில் ஒன்றாக, உட்புறம் வழுவழுப்பாக இருக்க வேண்டும், பரணுக்குள் முடியக்கூடாது என்கின்றன. இந்த விதிக்கும் மரவீட்டுக்கும் என்ன தொடர்பு? விதி பேசுவது எண்ணெயைப் பற்றி. எண்ணெய் நம் வீட்டில் அதிகமே தவிரக் குறைவில்லை.

"நம்மது ஆட்டோ கிளீன்" என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பொத்தானை அழுத்தினால் சூடேறி உருகுவது விசிறியைச் சுற்றியுள்ள எண்ணெய். வடிவது அடியிலுள்ள கிண்ணத்தில். குழாய்க்குள் அது எட்டாது. மாட்டிய நாளிலிருந்து ஒருமுறைகூடக் கழற்றிப் பார்க்காத குழாய்தான் 'ஆட்டோ கிளீன்' வீடுகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

"எரிந்த வீட்டைக் காட்டு" என்ற சவாலுக்கும் பதில் உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் தரும் கணக்கில் தீ விபத்து மரணங்களில் பெரும்பங்கு குடியிருப்புகளில் நடப்பவைதாம். ஆனால் அந்தக் கணக்கு தீ எதனால் பற்றியது என்று வகைப்படுத்துகிறது: மின்கசிவு, எரிவாயு, இன்ன பிற. எந்த வழியாகப் பரவியது என்று அதில் பத்தி இல்லை. 'மின்கசிவு காரணமாக' என்று செய்தித்தாளில் முடிந்துபோகும் ஒவ்வொரு தீயும் கேபிள் டக்ட் வழியே ஏறியதா, கதவடியே புகுந்ததா என்று யாரும் எழுதி வைப்பதில்லை. எண்ணாத ஒன்றை இல்லாத ஒன்று என்று சொல்வது வாதமல்ல.

எதிர்த்தரப்பில் நியாயம் உள்ள இடங்களையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு விதிப் புத்தகத்தை வரிக்கு வரி இங்கே இறக்குவது வீண். துணி உலர்த்தும் எந்திரத்தின் குழாயும், மரவீட்டோடு ஒட்டிய கார் கொட்டகைக்குள் ஓடும் குழாயும் அங்கே பெரிய தலைவலி. நமக்கு அவை அரிது. வானம் பார்க்கத் திறந்திருக்கும் டக்ட், நாற்புறமும் மூடிய ஷாஃப்டை விடப் புகையை எளிதாக வெளியே விடும் என்பதும் உண்மை. ஆனால் அதைப் பார்த்துத் திறக்கும் குளியலறை ஜன்னல்களை மறந்துவிடக் கூடாது. சூட்டில் தானாக மூடிக்கொள்ளும் டேம்பர் தகடுகளை எல்லாக் குழாயிலும் வை என்பாரும் உண்டு. எண்ணெய்க் குழாயில் அது பிசுக்கேறிச் சிக்கிக்கொள்ளும். அதனால்தான் பெரிய சமையற்கூடங்களின் எண்ணெய்ப் புகைக்குழாயில் சாதாரண டேம்பர் கூடாது என்றே வெளிநாட்டு விதிகள் சொல்கின்றன. ஆகவே நான் கேட்பது கண்ணை மூடிக்கொண்டு நகலெடுக்க அல்ல. நம் வீட்டில் என்ன எரியும், அது எந்த வழியே போகும் என்று கண்ணைத் திறந்து பார்க்கத்தான்.

கடைசி வாதம் செலவு. பெரிய தொகை எங்கே இருக்கிறது? சிம்னி வாங்கக் கொடுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் உறுதியான இரும்புக் குழாய்க்கு ஆகும் கூடுதல் செலவு சிறியது. தளத்துத் துளையைச் சுற்றிச் சிமெண்ட் கலவையோ ராக் வூலும் தீத்தடுப்புப் பூச்சும் சேர்த்தோ அடைப்பது ஒரு கொத்தனாரின் ஒருநாள் வேலைக்குள் அடங்கும். பி.வி.சி. குழாய்க்கு 'ஃபயர் காலர்' என்ற வளையம் கிடைக்கிறது. சூடேறினால் உள்ளிருக்கும் பொருள் பொங்கி, இளகும் குழாயை நெரித்து, துளையை மூடிவிடும். கட்டும்போதே செய்தால் செலவு மொத்தக் கணக்கில் தெரியவே தெரியாது. கிரானைட்டுக்கும் பால்ஸ் சீலிங் விளக்குக்கும் கை நீளும் கட்டுநர் இதற்கு மட்டும் கணக்குப் பார்ப்பது, வாங்குகிறவர் இதைக் கேட்பதில்லை என்பதனால்.

ஆகவே கேளுங்கள். வீடு வாங்கும்போது தளத்துக்குத் தளம் டக்டில் அடைப்பு இருக்கிறதா என்று கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே குடியிருப்பவர்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் மூன்று தீர்மானம் போடுங்கள்: மின் டக்டுக்குள் ஒரு பொருளும் வைக்கக் கூடாது, யார் துளை போட்டாலும் அன்றே அடைத்துவிட்டுத்தான் போக வேண்டும், பிளைவுட் கதவை மாற்ற வேண்டும். சிம்னி மாட்ட வருபவரிடம் வழுவழுப்பான இரும்புக் குழாய், குறைந்த நீளம், குறைந்த வளைவு, நேரே வெளிச்சுவருக்கு என்று சொல்லிவிடுங்கள். அளவைச் சுருக்க விடாதீர்கள். வடிகட்டியை வாரம் தவறாமல் கழுவுங்கள். குழாயை ஆண்டுக்கு ஒருமுறையாவது கழற்றித் துடைக்கச் சொல்லுங்கள். அடுப்பில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து, சிம்னியை நிறுத்தி, வாணலியை மூடியால் மூடி, அடங்கவில்லையென்றால் வெளியேறி 101 அல்லது 112ஐ அழையுங்கள்.

அரசுக்கும் ஒரு கோரிக்கை: துளையடைப்பை 18.30 மீட்டர்க் கோட்டோடு கட்டிப்போடாமல், ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பம் வாழும் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்குங்கள். பணிநிறைவுச் சான்று தருமுன் டக்டின் கதவைத் திறந்து பாருங்கள். காரை வீடு கட்டிக்கொள்ள மக்கள் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டுகிறார்கள். அந்தக் காரை தரும் இரண்டு மணி நேரத்தை, அடைக்காத ஒரு துளைக்காக இரண்டு நிமிடமாகக் குறைத்துக் கொடுப்பது மோசடி.